மண்ணின் விலையும் மக்களின் பங்கும்

காணிக்கு உறுதி கிடைத்துவிட்டால் வன்னி விவசாயியின் துயரெல்லாம் தீர்ந்துவிடும் என்றொரு கருத்து நம்மிடையே பரப்பப்பட்டு வருகின்றது. 2024இல் அன்றைய அரசாங்கம் 'உறுமய' என்ற திட்டத்தைத் தொடக்கிவைத்து, நாடெங்கும் இருபது இலட்சம் குடும்பங்களுக்கு முழு உரிமை உறுதிகள் வழங்கப்போவதாக அறிவித்தபோது அக்கருத்து உச்சக்குரலில் ஒலித்தது. அவ்வாட்சி அதே ஆண்டு முடிவதற்குள் வீழ்ந்தது. கருத்து மட்டும் வீழவில்லை. 2020 டிசெம்பரில் கைவிடப்பட்ட 480 மில்லியன் டொலர் அமெரிக்க மிலேனியம் சவால் உடன்படிக்கையிலும் காணிப் பதிவுச் சீர்திருத்தத்துக்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை நினைவுகூர்வோர்க்கு, இக்கருத்தின் விதை இரணைமடுக் கரையில் முளைத்ததன்று என்பது எளிதில் விளங்கும்.

உறுதி வேண்டாம் என்று வாதிடுவது நமது நோக்கமன்று. ஒரு தலைமுறைக்கு மேலாகத் தான் உழுத மண்ணுக்குத் தன் பெயரில் ஒரு தாள் இல்லாதவனிடம் 'தாள் எதற்கு?' என்று கேட்பது, வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு உண்ணாநோன்பின் மேன்மையை உபதேசிப்பது போலாகும். ஆனால் உறுதி வந்த மறுநாளே அம்மண் சந்தைக்கு வரும். கடன்பட்டவனின் துண்டு முதலில் வரும். பணம் படைத்தவன் அதனை வாங்குவான். அவ்வாறு காணி கைமாறும்போது, அதன் விலையில் ஊருக்கு என்ன பங்கு? இக்கேள்விக்கு விடை காணாமல் உறுதி வழங்கப் புறப்படுவோர், காலமெல்லாம் பலர் உழைத்துச் சேர்த்த செல்வத்தைச் சிலர் அள்ளிச் செல்லக் கதவு திறந்துவிடுகின்றனர் என்பதே நமது குற்றச்சாட்டு.

உருத்திரபுரத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தின் மக்கள் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கவென 1936இல் கிளிநொச்சியில் தொடங்கிய குடியேற்றத்தின் வழிவந்த ஊர்களுள் அதுவும் ஒன்று. பழைய சிவன் கோயிலொன்று இருந்தது. அதனைச் சூழக் காடு இருந்தது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வயற்காணியும் மேட்டுக்காணியும் அனுமதிப்பத்திரத்தில் பெற்று வந்தவர்கள், யானைக்கும் மலேரியாவுக்கும் ஈடுகொடுத்துக் காட்டை வயலாக்கினர். இரணைமடுவின் நீர் வாய்க்கால்களாகப் பிரிந்தோடியது; வாய்க்காலின் எண்ணே குடியிருப்பின் முகவரியாயிற்று. பள்ளிக்கூடங்களும் கடைத்தெருவும் பின்னர் வந்தன.

இன்று அங்கே ஒரு பரப்புக் காணிக்கு என்ன விலை சொல்லப்படினும், அவ்விலையில் அதன் சொந்தக்காரன் தனியே உண்டாக்கியது எவ்வளவு? நீரை நீக்கிவிடுங்கள், தெருவை நீக்கிவிடுங்கள், பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் நீக்கிவிடுங்கள். எஞ்சுவது முட்புதர். 2013 செப்ரெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிவரை மீண்டும் புகையிரதம் ஓடத் தொடங்கியது. அதனால் ஏ9 வீதியின் இருமருங்கிலும் காணி வைத்திருந்தவர்களின் சொத்து வளர்ந்தது. அவர்கள் தண்டவாளத்தில் ஒரு சல்லிக்கல்லையேனும் தூக்கிப் போட்டதுண்டா? உழைப்பின்றி ஈட்டும் இவ்வேற்றத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜோன் ஸ்டுவர்ட் மில் கண்டித்தார். 1879இல் ஹென்றி ஜோர்ஜ் அதையே தம் நூலின் மையப்பொருளாக்கினார். இருவரும் பொதுவுடைமைவாதிகள் அல்லர் என்பதை நம்மைக் கண்டு அஞ்சுவோரின் மன ஆறுதலுக்காகக் கூறிவைக்கலாம்.

சமூகம் உண்டாக்கிய விலையில் சமூகத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பதை நம் நாட்டுச் சட்டமும் ஒருவாறு ஏற்றுக்கொண்டே இருக்கின்றது. காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரைத் தீர்வை, 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய வருமானம். அது காணி அமைந்துள்ள உள்ளூராட்சி மன்றத்தைச் சென்றடைய வேண்டியது. தீர்வை வந்து சேரத் தாமதமாகின்றது என்பது அம்மன்றங்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் குறை. அதே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், ஏலக்காரர் அல்லது தரகர் வழியாக விற்கப்படும் காணியின் விலைத்தொகையில் நூற்றுக்கு ஒன்றை வரியாகப் பெறும் உரிமையைப் பிரதேச சபைக்கு அளித்திருக்கின்றது. ஆகவே நாம் புதிதாக ஒரு கொள்கையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருக்கும் கொள்கை யாரைத் தொடுகின்றது, யாரைத் தொடாமல் நழுவவிடுகின்றது என்பதைக் காண்பதே போதும்.

வழக்கிலுள்ள வீதத்தைப் பாருங்கள். விற்பனை உறுதிக்கு முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு நூற்றுக்கு மூன்றும், அதற்கு மேற்பட்ட தொகைக்கு நூற்றுக்கு நான்கும் தீர்வையாகும். ஐந்து இலட்சத்துக்கு ஒரு குடிசைத் துண்டு வாங்கும் கூலித்தொழிலாளி 19,000 ரூபா கட்டுகின்றான், நூற்றுக்கு 3.8. ஐந்து கோடிக்கு மாடிவீடு வாங்குபவர் 19,99,000 ரூபா கட்டுகின்றார்; நூற்றுக்கு நான்கிலும் ஒரு மயிரிழை குறைவு. முதலாமவன் வாங்குவது தலைசாய்க்க ஓரிடம். இரண்டாமவர் வாங்குவது பலவேளைகளில் அடுத்த ஆண்டு விற்பதற்கு. சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் ஏறத்தாழ ஒருவரே! இதனைச் சமத்துவம் என்று அழைப்பவர்கள் இருக்கக்கூடும். அதுவும் முழுக் கணக்கன்று. உறுதியில் எழுதப்படும் விலை ஒன்று, மேசைக்கடியில் எண்ணப்படும் விலை வேறு என்பதை அறியாத நொத்தாரிசு எவரும் இலர். ஐந்து கோடியை மூன்று கோடியாக எழுதும் வசதி, ஐந்து இலட்சக்காரனுக்குக் கிடைப்பதில்லை.

இனி, இத்தீர்வை உருத்திரபுரத்தில் என்ன செய்கின்றது? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அனுமதிப்பத்திரக் காணியை விற்க முடியாது. 1981இன் திருத்தம் அனுமதிப்பத்திரத்தை அளிப்பாக மாற்றுவதற்கு வழி செய்ததாயினும், அளிப்புக் காணியையும் பிரதேச செயலாளரின் முன்னொப்புதல் இன்றிக் கைமாற்ற இயலாது. இதனால் காணி கைமாறாமல் இருக்கின்றதா? இருப்பதில்லை என்பதைக் குடியேற்றத் திட்டமொன்றில் ஓராண்டு படிப்பித்த ஆசிரியர் எவரும் அறிவர். மகளின் கலியாணத்துக்கோ, மகனை வெளிநாடு அனுப்புவதற்கோ, நோய்க்கோ காணி போகின்றது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு போகின்றது. விற்றவனுக்கு முழு விலை இல்லை, ஏனெனில் வாங்குபவனுக்கு உறுதி இல்லை. வாங்கியவனுக்கு நிம்மதி இல்லை, ஏனெனில் பத்திரத்தில் பெயர் இன்னும் விற்றவனுடையது. இருவருக்குமிடையே நின்றவன் தன் தரகைப் பெற்றுக்கொள்கின்றான். கரைச்சிப் பிரதேச சபைக்கு ஒரு சதமும் இல்லை. தெருவிளக்குப் போடவில்லை, மதகு கட்டவில்லை என்று அச்சபையை நாம் திட்டுகின்றோம். அதன் பெட்டிக்குள் எது விழுகின்றது என்று நோக்குவதில்லை. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி மாவட்டத்தை வெள்ளம் மூடியபோது, வடிகாலும் மதகும் ஆடம்பரப் பொருள்களல்ல என்பதைப் பாடசாலை மண்டபங்களில் தஞ்சம் புகுந்தவர்கள் நன்கு உணர்ந்திருப்பர்.

கூரையின் கதை இதனிலும் கொடியது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் துண்டாடலை விரும்புவதன்று. பின்னுரித்தாளி என ஒருவரைப் பெயர் குறித்து, அவரிடம் காணியை ஒப்படைப்பதே அதன் நியதி. பெயர் குறிக்காதவிடத்து ஆண்மக்களுக்கு முன்னுரிமை தந்த அட்டவணை 2022ஆம் ஆண்டுத் திருத்தம்வரை நீடித்தது என்பது பெண்கள் இயக்கங்கள் பல காலம் போராடிய வேறொரு பெருங்கதை. அந்நியதியின் விளைவை ஊரில் காணலாம். ஐந்து பிள்ளைகள் பிறந்த வீட்டில் ஒருவனுக்கே காணி; ஏனைய நால்வரும் தாய் தந்தையர் காடு வெட்டி உண்டாக்கிய ஊரிலேயே காணியற்றவர்கள். மூன்றாந் தலைமுறையில் இத்தொகை எவ்வாறு பெருகியிருக்கும் என்பதைக் கணித ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்.

இவர்களுக்கு அருகே இன்னொரு கூட்டத்தார் உளர். 1958இலும் 1977இலும் இனவெறியால் விரட்டப்பட்டு மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள் அவர்கள். 1935ஆம் ஆண்டுச் சட்டமே 'இலங்கையர்' என்ற சொல்லுக்குப் பூர்வீகம் கேட்டுப் பொருள் வகுத்து அவர்களுடைய மூதாதையரை வெளியே நிறுத்தியது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. வவுனியாவை மையமாகக் கொண்டு காந்தியம் இயக்கத்தை நடத்தி இம்மக்களைக் குடியமர்த்திய மருத்துவர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அவர்கள் வெட்டிய காடு இன்று வயல். அவ்வயல்களிற் பலவற்றில் அவர்கள் கூலிகள். இதனைச் சிங்களப் பேரினவாதத்தின் கணக்கில் மட்டும் எழுதி முடித்துவிட இயலாது. காணிக் கச்சேரிகளில் அவர்களைப் பின்வரிசையில் நிறுத்தியவர்களுள் தமிழ்ப் பேசும் கனவான்களும் இருந்தனர். சாதியும் பிரதேசமும் பார்த்துப் பத்திரம் வழங்கிய கைகளைப் பற்றி நம் மேடைகள் ஏன் வாய் திறப்பதில்லை?

போருக்குப் பின் வந்த வீட்டுத் திட்டங்கள் இவர்களைக் காக்கவில்லையா என்று கேட்கப்படலாம். இந்திய அரசின் ஐம்பதினாயிரம் வீட்டுத் திட்டம் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா தந்தது, வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் சுவர் கண்டன, நன்றி கூறுவோம். ஆனால் வீடு பெறக் காணி வேண்டும். காணிக்குத் தாள் வேண்டும். தாளில்லாதவன் முதற்படியிலேயே நின்றுவிட்டான். பிறகு 2016இல் உருக்கினாற் செய்த 65,000 பொருத்து வீடுகள் என்ற விந்தை வந்தது. ஒன்றின் விலை இருபது இலட்சத்துக்கு மேல்! அப்பணத்தில் கல்வீடு இரண்டு கட்டலாம் என்று மக்கள் கூறினர். வெயில் கொளுத்தும் வன்னியில் இரும்புச் சுவருக்குள் வாழ்வதை எந்த அறிஞர் கற்பனை செய்தாரோ தெரியாது. எதிர்ப்பினால் அத்திட்டம் சுருங்கி மறைந்தது நன்றாயிற்று. நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், இவற்றுள் ஒன்றேனும் ஊர் தன் கையிருப்பைக் கொண்டு, தன் தேவையை அளந்து, தானே தீர்மானித்த திட்டமன்று. தூதரகத்தின் மனம், அமைச்சரின் மனம், கம்பனியின் மனம் ஆகிய மூன்றையும் நம்பி எத்தனை மழைக்காலம் தகரத்தின் கீழ் இருப்பது?

ஊரின் கையிருப்பைக் கொண்டு வீடு கட்டமுடியுமா என்று ஐயுறுவோர் வியன்னாவின் வரலாற்றைப் படித்துப் பார்க்கவேண்டும். முதல் உலகப் போரில் தோற்றுப் பசித்துக் கிடந்த அந்நகரில், சமூக ஜனநாயகக் கட்சியின் நகர சபை 1923இல் குடியிருப்புகளின் மீது ஒரு வரி விதித்தது. தொழிலாளியின் அறைக்குப் பெயரளவிலும், செல்வரின் மாளிகைக்குச் செங்குத்தாகவும் ஏறிய வரி அது. நிதிப் பொறுப்பிலிருந்த ஹியூகோ பிறைட்னரைச் செல்வர்கள் தூற்றாத நாளில்லை. வரிப்பணம் வேறெதற்கும் செல்லாது வீடு கட்டவே சென்றது. 1934இல் பாசிசத்தார் அச்சபையைப் பீரங்கி கொண்டு கலைக்கும்வரையில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்துவிட்டன. கார்ல் மார்க்ஸ் பெயரால் அமைந்த மாபெரும் குடியிருப்பு இன்றும் அங்கே நிற்கின்றது. இன்றும் அதில் மக்கள் வாழ்கின்றனர்.

வியன்னாவின் வரி குடியிருப்பின் மீது விதிக்கப்பட்டது, கைமாற்றத்தின் மீதன்று என்று சட்டம் கற்றோர் திருத்துவர். சரி, கைமாற்றத்துக்கும் உதாரணம் உண்டு. அதுவும் முதலாளித்துவத்தின் தலைவாசலில். லொஸ் ஏஞ்சல்ஸ் நகர மக்கள் 2022 நவம்பரில் வாக்களித்து, ஐம்பது இலட்சம் டொலருக்கு மேல் விலைபோகும் சொத்துக்கு நூற்றுக்கு நான்கும், ஒரு கோடி டொலரும் அதற்கு மேலும் போவதற்கு ஐந்தரையும் கைமாற்று வரி விதித்தனர். அப்பணம் வீடற்றோர்க்கும் குறைந்த வாடகைக் குடியிருப்புக்கும் உரியது. 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வருமுன்பே செல்வர்கள் அவசர அவசரமாக விற்றுத் தள்ளினர். முதலாண்டில் எதிர்பார்த்த தொகை திரளவில்லை. இதனைக் காட்டி வரியே தவறு என்பாரும் உளர். நாம் கற்கவேண்டிய பாடம் வேறு. ஒரே எல்லைக்கோட்டில் திடீரெனப் பாயும் வரியை வஞ்சகர் எளிதில் தாண்டுவர். படிப்படியாக ஏறும் வரியைத் தாண்டுதல் கடினம். தமிழ்நாட்டில் சொத்து விற்பனைக்கு நூற்றுக்கு ஐந்து முத்திரைத் தீர்வையோடு, உள்ளாட்சிகளுக்கென நூற்றுக்கு இரண்டு கைமாற்று வரியும் சேர்த்துப் பெறப்படுகின்றது. ஊர்ப் பங்கைத் தனியாகப் பெயரிட்டு வைத்தது நல்லது. ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே வீதம் வைத்தது தீது.

நம் தோழர்களிடையேயும் ஓர் ஆட்சேபம் உண்டு. நிலம் விற்பனைப் பண்டமாவதையே எதிர்க்க வேண்டிய நாம், விற்பனையில் பங்கு கேட்பது சமரசமன்றோ என்பது அது. 1958இல் பிலிப் குணவர்த்தனாவின் நெற்காணிச் சட்டமும், 1972இன் காணி உச்சவரம்பும், பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில் 1973இல் வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்பும் இந்நாட்டின் இடதுசாரிகள் செய்த சமரசங்களே. குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரரான கொழும்பு வாடகைக் குடியாளரிடம் சென்று அது சமரசமென்று கூறிப்பாருங்கள்! உச்சவரம்பை விடுத்துக் கட்டணத்தை மட்டும் கேட்பதே பிழை. இரண்டும் வேண்டும், கட்டணம் இன்றே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றது.

எனவே அனுமதிப்பத்திரம் உறுதியாக மாறும் சட்டத்திலேயே இவை எழுதப்படவேண்டும். குடியேறியவனிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் காணிக்குத் தீர்வை வேண்டாம். வேறு வீடற்றவன் குடியிருக்க வாங்கும் முதற்காணிக்கும் வேண்டாம். அதற்கப்பால் படி ஏறட்டும். இரண்டாவது காணி வாங்குவோன் கூடுதலாகவும், ஊரில் வாழாது வாங்குவோன் அதனினும் கூடுதலாகவும், வாங்கிய சில ஆண்டுகளுக்குள் இலாபத்துக்கு விற்போன் எல்லாரினும் கூடுதலாகவும் கட்டட்டும். வெளிநாட்டிலுள்ள நம்மவர் மனம் புண்படுமோ என்று சிலர் கலங்குகின்றனர். கனடாவிலும் இங்கிலாந்திலும் வீடு வாங்கியபோது அவர்களுட் பலர் கைமாற்று வரி கட்டியே வாங்கினர். அங்கே மனம் புண்படாது கட்டியவர்க்கு இங்கே பரந்தனில் காணி வாங்கும்போது மட்டும் புண்படுமாயின், அது மருந்திட வேண்டிய புண்ணன்று. 1963இல் இந்நாடு பிரசையல்லாதோர் வாங்கும் காணிக்கு விலைக்குச் சமமான வரியே விதித்தது. நாம் கேட்பது அதன் ஒரு சிறு பின்னம்.

பணம் எங்கே செல்லும் என்பதில் இன்னும் கடுமை வேண்டும். அந்தந்தச் சபை தன் எல்லைக்குள் பெறுவதைத் தானே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், விலை உயர்ந்த நல்லூர் மேலும் உயரும். தாளில்லாத கரைச்சி தாளில்லாமலே கிடக்கும். மாகாணம் முழுவதற்கும் ஒரு வீட்டு நிதி அமைத்து, காணியற்ற குடும்பங்களின் தொகைக்கேற்பப் பகிரவேண்டும். அந்நிதி சம்பளத்துக்கும் வாகனத்துக்கும் திறப்புவிழாப் பந்தலுக்கும் செல்லாதவாறு சட்டத்தால் வேலியிடவேண்டும். முதலுரிமை, பத்திரமின்றித் தகரக் கொட்டிலில் வாழும் மலையகக் குடும்பங்களுக்கும் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குமாக இருக்கட்டும். கட்டப்படும் வீட்டை வாங்கியவர் மறுவிற்பனை செய்யின், அவ்விலையேற்றத்தின் பெரும்பங்கு மீண்டும் நிதிக்கே வரவேண்டும். அல்லாவிடில் இருபதாண்டுகளில் அவ்வீடுகளும் தரகர் கையில் இருக்கும்.

இதனை யார் நிறைவேற்றுவது? இங்கேதான் முட்டுக்கட்டை. முத்திரைத் தீர்வையின் வீதத்தை மாற்றும் அதிகாரம் மாகாண சபைக்குரியது. 2013 செப்ரெம்பரில் முதன்முறையாகத் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன் பின் தெரிவான சபை இல்லை. அது இருந்த ஐந்தாண்டுகளில் நிறைவேற்றிய தீர்மானங்கள் ஏராளம். காணியற்றவனுக்காகத் தன் கையிலிருந்த இவ்வதிகாரத்தைப் படிவரியாக மாற்ற அது முனையவில்லை. கேட்ட அதிகாரத்துக்காக முழங்கியவர்கள் கிடைத்த அதிகாரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினர். ஆயினும் மாகாணத் தேர்தலைக் கேட்பது இன்று வெறும் கொடிப்பிரச்சினையன்று. ஒரு கூரைப் பிரச்சினையுமாகும். தேர்தல் வரின், வாக்குக் கேட்டு வருவோரிடம் படிவரிக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டு வாய்மொழியாகவன்றி எழுத்தில் விடை பெறவேண்டும்.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. தரகர் விற்பனைக்கான நூற்றுக்கு ஒன்று வரிக்கு மாகாண சபையும் வேண்டாம், கொழும்பின் தயவும் வேண்டாம். அது பிரதேச சபையின் சொந்த அதிகாரம். வீதியோரத்தில் பலகை நட்டு, துண்டு பிரித்து, தவணைப் பணத்துக்குக் காணி விற்போர் வன்னிக்குப் புதியவர்களல்லர். 2025 மே மாதத் தேர்தலின் பின் சபைகளில் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கின்றனர். கடந்த ஐந்து ஆண்டுகளில் தன் எல்லைக்குள் அவ்வாறு விற்கப்பட்ட காணிகள் எத்தனை, அவற்றிலிருந்து பெற்ற வரி எவ்வளவு, பெறாது விட்டது எவ்வளவு, முத்திரைத் தீர்வையில் மாகாணத்திடமிருந்து வந்து சேரவேண்டிய நிலுவை எவ்வளவு என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதிக் கரைச்சிப் பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் கொடுக்க ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும். உருத்திரபுரத்தில் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் உயர்வகுப்பு மாணவர் நால்வரும் சேர்ந்து, அடுத்த பாதீட்டுக் கூட்டத்துக்கு முன் இதனைச் செய்துவிடலாம்.